நூலகம் யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்? கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில் நூலகராக வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். வந்த கேள்விகளில் நான்குக்கு இங்கே பதில் தருகிறேன்.

கே: சேர், பாடசாலை நூலகம் என் பொறுப்பில் இருக்கிறது. கணக்கெடுப்பில் 37 புத்தகங்கள் குறைகின்றன. நான்தான் காசு கட்ட வேண்டி வருமோ என்று பயமாக இருக்கிறது. அலுமாரியைப் பூட்டி வைக்கவா? (சுன்னாகம்)

ப: பூட்டவே வேண்டாம் பிள்ளை. நான் முதலில் வேலை செய்த பாடசாலையில் ஒரு அலுமாரி எப்போதும் பூட்டியே இருந்தது. பதிவேட்டுக் கணக்கு அச்சொட்டாகச் சரி. ஒருநாள் கீழ்த்தட்டில் ஒரு புத்தகத்தைப் பிடித்து இழுத்தேன். மட்டை மட்டும் கையோடு வந்தது. உள்ளே முழுவதும் கறையான்.

பிள்ளைகள் எடுத்து வாசித்தால் சில புத்தகம் கிழியும், சிலது தொலையும். வருடம் ஒருமுறை ஒரு குழுவோடு எண்ணி, குறைவதை எழுத்தில் அதிபரிடம் கொடுங்கள். இரவல் போன கணக்கையும் அதே தாளில் எழுதுங்கள். 37 தொலைந்தது, 1,400 தடவை இரவல் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கேட்கிறவரின் பேச்சே மாறும்.

கே: பல்கலைக்கழகத்தில் நூலகருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது?

ப: 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் பதிவாளர், நிதியாளரோடு நூலகரையும் பல்கலைக்கழக அலுவலராகச் சொல்கிறது. கல்வி விடயங்களை முடிவு செய்யும் மூதவையிலும் (செனட்) அவருக்கு இடம் உண்டு. புதுப் பட்டப்படிப்பு அங்கே வரும்போது, "இதற்கு நூல் இருக்கிறதா, ஆய்விதழ் இருக்கிறதா?" என்று அவர் கேட்க வேண்டும். வாய் திறக்காமல் இருந்தால் அதுவும் பொறுப்புத் தவறுவதுதான்.

கே: ஐயா, வருமானம் இல்லாத பொது நூலகத்துக்கு மாநகர சபை ஏன் செலவழிக்க வேண்டும்?

ப: 1981இல் எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அவற்றோடு எரிந்த ஏட்டுச்சுவடிகளை எந்தச் சபைப் பணத்தாலும் திருப்பி வாங்க முடியாது. அது ஆதனவரி கட்டுகிற சனத்தின் நூலகம். சபை தாராளமாகக் கணக்குக் கேட்கட்டும். ஆனால் சரியான கேள்வியைக் கேட்கட்டும்: புத்தகம் இல்லையென்று திரும்பிப் போனவர்கள் எதைத் தேடி வந்தார்கள்? இதற்கு மேசையில் ஒரு கொப்பி வைத்தால் போதும். "இல்லை" என்று சொன்ன ஒவ்வொரு நூலையும் அதில் எழுதுங்கள். அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்குப் பணம் கேட்க அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

கே: எங்கள் சனசமூக நிலைய வாசிகசாலையும் அறிக்கை எழுத வேண்டுமா? (காரைநகர்)

ப: ஒரு பக்கம் போதும் தம்பி. பொதுக் கூட்டத்தில் வாசியுங்கள். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பிய ஊர்க்காரருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.