மூன்று மையர்கள்

அன்புள்ள ஐயா,

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். எங்கள் பிரிவில் மட்டும் மையர் என்ற குடும்பப் பெயர் உள்ளவர்கள் மூன்று பேர். மூவரும் பெயரை மூன்று விதமாக எழுதுகிறார்கள். ஒருவருக்கொருவர் உறவும் இல்லை. இது யூதப் பெயர் என்று நண்பன் அடித்துச் சொல்கிறான். ஆனால் மூவரும் சர்ச்சுக்குப் போகிறவர்கள். இது நம் சாதிப் பெயர் மாதிரியா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சாதி இல்லை, உத்தியோகம். லத்தீனில் ‘மாயோர்’ என்றால் பெரியவர். இடைக்காலத்தில் பிரபுக்களும் மடாலயங்களும் தங்கள் நிலத்தை மேற்பார்க்கவும் விளைச்சலில் பங்கு வசூலிக்கவும் ஓர் ஆளை வைத்தார்கள். அவர்தான் மையர், நம் பண்ணைக் காரியஸ்தர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பண்ணையைக் குத்தகைக்கு எடுத்து உழுதவருக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பண்ணைக்கு ஒருவர் என்றால் கூட்டம் சேராமல் என்ன செய்யும்? அடையாளத்துக்காக மேட்டுப் பண்ணைக்காரர் ஓபர்மையர் ஆனார், பள்ளத்துக்காரர் நீடர்மையர் ஆனார்.

வடமேற்கு ஜெர்மனியில் வெஸ்ட்ஃபாலியா பக்கத்து வழக்கம் இன்னும் வேடிக்கை. அங்கே பெயர் பண்ணைக்குச் சொந்தம். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர் தன் பெயரை விட்டுவிட்டுப் பண்ணையின் பெயரை எடுத்துக்கொள்வார். அப்புறம் வம்சாவளி தேடுகிறவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

எழுத்து வேறுபாட்டுக்குப் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. பாதிரியாரும் குமாஸ்தாவும் காதில் விழுந்தபடி எழுதினார்கள். வடக்கே ‘எம்’முக்கு அடுத்து ‘ஈ’ (Meier) அதிகம், தெற்கே ‘ஏ’ (Maier) அதிகம். பவேரியா, ஆஸ்திரியா பக்கம் கடைசி ‘ஈ’யைக்கூட விழுங்கிவிடுவார்கள் (Mayr). 1876-ல் ஜெர்மனி முழுக்க அரசுப் பதிவேடு வந்த பிறகு அவரவர் எழுத்து அப்படியே உறைந்துவிட்டது.

நண்பர் சொன்னதில் பாதி உண்மை உண்டு. எபிரேயத்தில் ‘மெயிர்’ என்று ஓர் ஆண் பெயர் இருக்கிறது. ஒளி தருபவர் என்று பொருள். யூதர்கள் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆஸ்திரியாவில் 1787-லும் பிரஷ்யாவில் 1812-லும் சட்டம் வந்தது. அப்பா பெயர் மெயிர் என்றால் மையர் வசதியாகக் கையில் கிடைத்ததே! பின்னாளில் இஸ்ரேல் பிரதமரான கோல்டா மெயிர் இதைத் திருப்பிச் செய்தார். கணவர் வழி வந்த மேயர்சன் என்ற பெயரை 1956-ல் எபிரேயத்துக்கே கொண்டுபோனார்.

ஆக, வேர் இரண்டு, ஓசை ஒன்று. எழுத்தை வைத்து மதம் சொல்ல முடியாது. ஊரை வேண்டுமானால் ஊகிக்கலாம். உங்கள் மூவரில் ‘ஏ’ போடுகிறவரிடம் தாத்தா எந்தப் பக்கம் என்று கேட்டுப் பாருங்கள்.