பலவகை அறிவு என்றால் என்ன? மாற்றுக் கருத்தை ஏன் மதிக்க வேண்டும்?

கணக்கு, மொழி, இசை, பிறர் மனமறிதல் எனத் திறமைகள் தனித்தனி என்பதே பலவகை அறிவு. 1983-இல் அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் ஏழு வகை சொன்னார். (உளவியலாளர் பலர் ஏற்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.)

தேனி மாவட்டக் கம்பம் ஊரிலிருந்து விடியலில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு மலைப்பாதை தாண்டி, இடுக்கி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் அக்காவைப் பாருங்கள். விலை ஏறியிருக்கு, இன்றே எடுங்கள் என்பார் கணக்குப்பிள்ளை. அக்கா ஒரு காயைப் பிதுக்கி, முற்றாத வெள்ளை விதையைக் காட்டி, "இன்னும் பத்து நாள் போகட்டும்ணே" என்பார். இருவருக்கும் ஒரே செடிதான்; கண்ணில் படுவது வேறு. பிஞ்சைப் பறித்தால் காய்ந்ததும் சுருங்கி எடை போய்விடும், கணக்கும் பொய்க்கும். முரண்படுபவர் நாம் காணாததைக் கண்டிருக்கலாம்.

மதிப்பது என்றால் ஒப்புக்கொள்வது எனப் பலர் நினைக்கிறார்கள். இல்லை, காரணத்தை முழுதாகக் கேட்ட பிறகும் மறுக்கலாம்.