'த ஹோல் நைன் யார்ட்ஸ்' நம் ஒன்பது கஜப் புடவையிலிருந்து வந்ததா?

கேள்வி: மும்பையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். மேலாளர் எதற்கெடுத்தாலும் 'த ஹோல் நைன் யார்ட்ஸ்' என்கிறார். இது ஒன்பது கஜம் புடவையிலிருந்து வந்ததா? முழுமையையும் முழு முயற்சியையும் சொல்லும் இந்த மாதிரி ஆங்கிலத் தொடர்களில் எதை எங்கே சொல்ல வேண்டும்?

பதில்:

புடவையிலிருந்து வரவில்லை. ஆனால் மும்பையில் இருப்பவருக்கு அப்படித் தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். விசேஷ நாட்களில் ஆஸ்திக சமாஜக் கோயில் பக்கம் மடிசார் மாமிகளைப் பார்த்திருக்கிறேன். மராத்திப் புத்தாண்டான குடிபாட்வா அன்று கிர்காவ் ஊர்வலத்தில் மராத்திப் பெண்கள் நவ்வாரி கட்டிக்கொண்டு பைக் ஓட்டி வருவதையும் பார்த்திருக்கிறேன். நவ்வாரி என்ற பெயரிலேயே ஒன்பது இருக்கிறது. 'வார்' என்றால் மராத்தியில் கஜம். சொந்தம் கொண்டாட இரண்டு பக்கமும் ஆள் உண்டு.

அச்சில் கிடைத்திருக்கும் ஆதாரமோ அமெரிக்காவில் இருக்கிறது. இண்டியானா மாநிலத்தின் மிட்செல் என்ற சிற்றூர்ச் செய்தித்தாள் 1907இல் ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றி எழுதும்போது 'ஃபுல் நைன் யார்ட்ஸ்' என்றது. மறு வருஷம் அதே தாளில், மீன் பிடித்துவிட்டு வந்து கதையளக்கும் ஒருவர் யாராவது அப்பாவி அகப்பட்டால் 'ஹோல் நைன் யார்ட்ஸ்' சொல்லித் தீர்த்துவிடுவார் என்று வருகிறது. 1912இல் கென்டக்கி மாநிலத்துத் தாளொன்றில் இதுவே 'ஹோல் சிக்ஸ் யார்ட்ஸ்' ஆகிறது. ஆறு கஜம், ஒன்பது கஜம்! நம் புடவைக் கணக்கு அப்படியே இருப்பதைப் படித்த அன்று எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஆனாலும் அது தற்செயல்தான். இரண்டாம் உலகப்போர் விமானத் துப்பாக்கியின் தோட்டாப் பட்டை 27 அடி நீளம், அதிலிருந்து வந்தது என்று பலர் அடித்துச் சொல்வார்கள். 1907ஆம் ஆண்டு ஆதாரத்தின் முன்னால் அந்தக் கதை நிற்காது. ஆறும் ஒன்பதும் மாறி மாறி வந்திருப்பதால், அந்த எண் எந்தப் பொருளின் அளவாகவும் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் முழுமை என்ற பொருள் எங்கிருந்து வருகிறது? முழு என்று பொருள்படும் 'ஹோல்' என்ற சொல்லிலிருந்து. இதை எனக்குப் புரியவைத்தவர் என் அத்தை. மடிசார் கட்டிவிடும்போது ஒருமுறை, "ஒம்போது கஜமும் வேணும்டி, ஒரு முழம் கொறஞ்சாலும் கச்சம் நிக்காது" என்றார். 'கஜமும்' என்பதில் ஒட்டியிருக்கும் அந்த 'உம்'தான் ஆங்கிலத்தின் 'ஹோல்'. இதற்கு முற்றும்மை என்று பெயர். "இனைத்தென அறிந்த சினைமுதற் கிளவிக்கு வினைப்படு தொகுதியின் உம்மை வேண்டும்" என்று தொல்காப்பியம் விதியே வகுத்திருக்கிறது. எண்ணிக்கை இன்னதென்று தெரிந்த பொருள் ஒன்றுவிடாமல் வினையில் சேர்ந்தால் உம்மை போட்டாக வேண்டும். மூவேந்தர் வந்தார் என்றால் போதாது, மூவேந்தரும் வந்தார். ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் அசையில் நம் மொழி முழுமையைச் சொல்லிவிடுகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஆங்கிலத்தில் இதற்கு இன்னொரு வழியும் உண்டு: உறுப்புகளை அடுக்குவது. 'லாக், ஸ்டாக் அண்ட் பேரல்' பழைய துப்பாக்கியின் மூன்று பாகம். லாக் என்பது சுடும் பொறி, ஸ்டாக் மரக்கட்டை, பேரல் குழல். இவை சேர்ந்தால் முழுத் துப்பாக்கி. கடையையே சரக்கோடு சாமானோடு விற்றுவிட்டார் என்கிற இடத்தில் இது பொருந்தும். 'பேக் அண்ட் பேகேஜ்' நம் மூட்டை முடிச்சோடு. இடத்தைக் காலி செய்வதற்குத்தான் பெரும்பாலும் வரும். 'ரூட் அண்ட் பிராஞ்ச்' பைபிளின் மல்கியா நூலில் "வேரையும் கொப்பையும் வைக்காமற்போகும்" என்று வரும் அதே வேரும் கொப்பும். 1640இல் திருச்சபையில் ஆயர்களின் (பிஷப்புகளின்) ஆட்சியை ஒழிக்கக் கேட்டு லண்டன் மக்கள் பாராளுமன்றத்துக்குக் கொடுத்த மனுவுக்கு இதுவே பெயராகிவிட்டது. நாம் வேரோடு, அடியோடு, பூண்டோடு என்கிறோம். ஒழிப்பதற்கும் தலைகீழாக மாற்றுவதற்கும் மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கவனமாக இருக்க வேண்டியது 'ஹூக், லைன் அண்ட் சிங்கர்' விஷயத்தில். தூண்டில் முள், நூல், ஈயக்குண்டு மூன்றையும் மீன் விழுங்கிவிட்டது என்ற படம் அது. முழுமை என்ற ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஒரு வாடிக்கையாளருக்கு 'உங்கள் திட்டத்தை எங்கள் குழு ஹூக், லைன் அண்ட் சிங்கர் ஏற்றுக்கொண்டது' என்று எழுதிவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போனதாக மேலாளர் வந்து சொன்னார். ஏமாந்து நம்பினோம் என்று எழுதியிருக்கிறேன்! நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து ஒரு தொடரின் பொருளோடு அதற்குள் இருக்கும் படத்தையும் பார்க்காமல் எழுதுவதில்லை.

முழு முயற்சிக்கு வந்தால், எனக்குப் பிடித்தது 'புல் அவுட் ஆல் த ஸ்டாப்ஸ்'. தேவாலயத்து ஆர்கனில் ஸ்டாப் என்ற குமிழ்கள் உண்டு. ஒன்றை வெளியே இழுத்தால் ஒரு வரிசைக் குழல்கள் ஒலிக்கத் தயாராகும். எல்லாவற்றையும் இழுத்துவிட்டால் வாத்தியம் முழுக் காற்றில் முழங்கும். நம் 'முழுமூச்சாக' இதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள், இரண்டிலும் காற்றுதான். 'கோ ஆல் அவுட்' என்பதும் முழுமூச்சில் இறங்குவதே. ஆனால் 'கோ' இல்லாமல் 'வீ ஆர் ஆல் அவுட்' என்று சொல்லிவிடாதீர்கள். வான்கடே இருக்கும் ஊரில் அதற்குப் பத்து விக்கெட்டும் விழுந்துவிட்டது என்றே பொருள்.

'நைன் யார்ட்ஸ்' பேச்சு வழக்கு. ஒப்பந்தத்திலும் முறையான கடிதத்திலும் வேண்டாம், அங்கே 'கம்ப்ளீட்' போதும். மேலாளரிடம் பேசும்போது தாராளமாகச் சொல்லுங்கள். 'த ஹோல்' என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள், அதுதான் அங்கே உம்மை. வெறும் நைன் யார்ட்ஸ் என்றால் துணியின் அளவு.