வாசகர் கேள்வி – பதில்: தராசுக்கு ஓர் எடை, கைக்கு ஓர் எடை

கிரிக்கெட் மட்டை செதுக்கப்படும் விதம் குறித்து வந்திருந்த கடிதங்களுள் நான்குக்கு இவ்விதழில் விடை அளிக்கப்படுகிறது.

கேள்வி: என் மகனுக்கு வயது 15. பள்ளி அணியில் தொடக்க ஆட்டக்காரனாக ஆடுகிறான். அவனுக்காகக் கடையில் இரண்டு மட்டைகளைப் பார்த்தோம். தராசில் வைத்தபோது இரண்டுமே 1,160 கிராம் காட்டின. ஆனால் ஒன்றைத் தூக்கியதும் 'இது கனம்' என்றான், மற்றதை 'இது லேசு' என்றான். தூக்கிப் பார்த்தபோது எனக்கும் அப்படியே தோன்றியது. தராசு பொய் சொல்கிறதா, கை பொய் சொல்கிறதா?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: இரண்டுமே பொய் சொல்லவில்லை. மட்டையில் எவ்வளவு மரம் இருக்கிறது என்பதைத் தராசு சொல்கிறது. அந்த மரம் கையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைக் கை சொல்கிறது. வீட்டில் மண்வெட்டி இருந்தால் சோதித்துப் பாருங்கள். காம்பின் நுனியைப் பிடித்து வீசும்போது கனக்கிற அதே மண்வெட்டி, இரும்பு இருக்கும் பக்கத்தைப் பிடித்து வீசினால் குச்சியைப் போல லேசாகச் சுழலும். எடையில் ஒரு குன்றிமணியும் மாறவில்லை. எடை இருக்கும் இடம் மட்டுமே மாறியிருக்கிறது.

சுழற்றப்படும் ஒரு பொருள் சுழற்சிக்குக் காட்டும் எதிர்ப்பு, தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கைப்பிடியின் உச்சியிலிருந்து 40 செ.மீ. தொலைவில், அதாவது மட்டையின் தோளை (கைப்பிடி முடிந்து மட்டை அகலும் இடத்தை) அடுத்து இருக்கும் 50 கிராம் மரத்தையும், 80 செ.மீ. தொலைவில், அதாவது அடிமுனையை ஒட்டி இருக்கும் 50 கிராம் மரத்தையும் ஒப்பிட்டால், தூரம் இருமடங்காவதால் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. செதுக்குபவர் தோளில் தாராளமாக மரத்தை விட்டு, அடிமுனைப் பக்கம் இழைத்து மெலிதாக்கினால் மட்டை கைக்கு லேசாக வரும். தோளைச் சீவிவிட்டு மரத்தை அடியில் குவித்தால் அதே எடை கையை இழுக்கும். ஆட்டக்காரர்கள் 'பிக்-அப்' என்று சொல்வது இதைத்தான்.

இதைக் கடையிலேயே சோதிக்கலாம். ஆள்காட்டி விரலின் மேல் மட்டையைக் குறுக்காகக் கிடத்தி, அது சாயாமல் நிற்கும் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். கைப்பிடி உச்சியிலிருந்து அந்தப் புள்ளி வரை நாடாவால் அளந்து கொள்ளுங்கள். இதை எழுதும்போது என் மேசையில் ஏறத்தாழ ஒரே எடையுள்ள இரண்டு மட்டைகள் இருக்கின்றன. ஒன்று 49 செ.மீ.இலும் மற்றொன்று 51 செ.மீ.இலும் சமநிலை கொள்கின்றன. இரண்டு செ.மீ. தானே என்று தோன்றும். ஆனால் மேற்கையால் மட்டும் பிடித்து, பந்தை எதிர்கொள்ளும் நிலையில் தூக்கி அரை நிமிடம் நின்றால் அந்த இரண்டு செ.மீ. மணிக்கட்டில் தெரியும்.

லேசாகத் தூக்க வருவது எல்லோருக்கும் நல்லது என்று பொருளில்லை. பந்து தாழ்ந்து வரும் ஆடுகளங்களில் முன்காலில் ஆடுபவருக்கு, முதுகின் திரட்சி, அதாவது மரம் மிகத் தடித்திருக்கும் இடம், சற்றுக் கீழே இருக்கும் மட்டையே உதவும். எழும்பி வரும் பந்தைப் பின்காலில் நின்று வெட்டியும் இழுத்தும் ஆடுபவருக்குத் திரட்சி மேலே இருக்க வேண்டும். நம் ஊர்களில் தாழ்ந்த திரட்சியுள்ள மட்டைகள் விரும்பப்படுவதற்கும், ஆஸ்திரேலியாவில் உயர்ந்த திரட்சி விரும்பப்படுவதற்கும் ஆடுகளமே காரணம். தங்கள் மகன் தொடக்க ஆட்டக்காரன் என்பதால் புதுப் பந்தின் வேகத்தை எதிர்கொள்ள வேண்டியிருக்கும். ஆகவே, 'லேசு' என்று அவன் சொன்ன மட்டையை வாங்குங்கள்.

கேள்வி: என்னிடம் உள்ள காஷ்மீர் வில்லோ மட்டை 1,290 கிராம் இருக்கிறது. எங்கள் தெருத் தச்சர் 100 கிராம் குறைத்துத் தருவதாகச் சொல்கிறார். எந்த இடத்தில் இழைக்கச் சொல்வது? இழைத்தால் அடியின் வேகம் குறைந்துவிடுமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: 100 கிராம் வேண்டாம். 40, மிஞ்சினால் 50 கிராமோடு நிறுத்திக் கொள்ளுங்கள். ஒரு கன செ.மீ. வில்லோ மரம் ஏறக்குறைய அரை கிராம் எடை உடையது. எனவே, 50 கிராம் குறைப்பதற்கு 100 கன செ.மீ. மரத்தை எடுத்தாக வேண்டும். மட்டையின் அலகு, அதாவது கைப்பிடிக்குக் கீழுள்ள அகன்ற பகுதி, ஏறத்தாழ 56 செ.மீ. நீளமும் 10.8 செ.மீ. அகலமும் உடையது, ஆக, முதுகு முழுவதும் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் இழைத்தால்தான் 50 கிராம் குறையும். 100 கிராம் என்றால் மூன்று மில்லிமீட்டரைத் தாண்டிவிடும்.

பந்து படும் பக்கமான முகத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் இழைக்க விடாதீர்கள். வில்லோ மென்மையான மரம். பட்டறையில் மட்டையை உருளைக்கு அடியில் விட்டு அழுத்தும்போதுதான் முகத்தின் மேலடுக்கு நார்கள் நெருங்கி, மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் வரும் பந்தைத் தாங்கும் வலுவைப் பெறுகின்றன. அந்த அடுக்கைச் சீவிவிட்டால் அடியில் இருக்கும் அழுத்தப்படாத மரம் வெளிப்பட்டு, ஒவ்வோர் அடிக்கும் குழி விழும். விளிம்புகளும் அழுத்தப்பட்டவையே, அவற்றையும் தொட வேண்டாம்.

மரத்தை எடுக்க வேண்டிய இடம், நடு முதுகெலும்பின் இருபுறமும் விளிம்பு வரை சரிகிற பகுதி. அதிலும் கீழ்ப்பாதியில் எடுக்கும் ஒவ்வொரு கிராமும் மேல்பாதியில் எடுக்கும் பல கிராம்களுக்குச் சமம். ஏன் என்பதை முதல் பதிலில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அடிமுனையின் கடைசி மூன்று நான்கு செ.மீ. பகுதியை மெலிதாக்கக் கூடாது. காலடியில் விழும் யார்க்கர் பந்து வந்து மோதுவதும், தரையில் தட்டித் தட்டி ஈரம் ஏறுவதும் அந்த இடத்தில்தான். மெலிந்த அடிமுனை பிளந்துவிட்டால் பசை போட்டு ஒட்டி ஓரிரு மாதம் ஓட்டலாமே தவிர, பழைய மட்டை திரும்பாது.

தொழில் பழகிய நாள்களில் நானே ஒரு மட்டையைக் கெடுத்திருக்கிறேன். நண்பர் ஒருவர் 80 கிராம் குறைக்கச் சொல்லிக் கொடுத்தார். எடைதான் முக்கியம் என்று எண்ணி, திரட்சி உச்சமாக இருந்த இடத்திலேயே இழைப்புளியை ஓட்டினேன். சுருள் சுருளாக அழகாகச் சீவல் விழுந்தது. தராசும் கேட்ட எண்ணைக் காட்டியது. மறுநாள் வலைப்பயிற்சியில் அவர் நடு மட்டையில் வாங்கிய முதல் பந்திலேயே 'டக்' என்ற கனத்த ஒலி வராமல் தட்டையான ஒலி வந்தது. கைப்பிடி வரை அதிர்வதாகவும் சொன்னார். மரத்தின் விறைப்பு அதன் தடிமனின் முப்படியைப் பொறுத்தது. தடிமனில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விறைப்பில் ஏறத்தாழ கால் பங்கு போய்விடும். பந்தும் மட்டையும் தொட்டுக் கொண்டிருப்பது ஒரு வினாடியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே. அந்தச் சிறு பொழுதில் மட்டை வளைந்து அதிர்ந்தால், பந்துக்குப் போக வேண்டிய ஆற்றல் கைக்கு நடுக்கமாக வருகிறது. அந்தச் சீவலைத் திரும்ப ஒட்ட வழியில்லை. அதனால்தான் தங்களிடம் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

தச்சர் இழைக்கும்போது பக்கத்தில் இருங்கள். இரு பக்கமும் மாறி மாறி, நார் ஓடும் திசையில், மெல்லிய சீவலாக எடுக்கச் சொல்லுங்கள். பத்து கிராமுக்கு ஒரு முறை எடை போடுங்கள். முடிந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, காய்ச்சாத ஆளிவிதை எண்ணெயை ஒரு தேக்கரண்டிக்கு மிகாமல் துணியில் நனைத்துப் பூசி, மட்டையைப் படுக்கை வசத்தில் ஓர் இரவு வையுங்கள். கைப்பிடி அலகுக்குள் இறங்கும் முக்கோண ஒட்டின் பக்கம் எண்ணெய் போகக் கூடாது. அதிகம் பூசினால் குறைத்த எடையில் ஒரு பங்கு திரும்பி வந்துவிடும்.

அடியின் வேகத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பந்தின் எடை 160 கிராம் அளவு. தங்கள் மட்டை அதைப் போல எட்டு மடங்கு. அதில் 50 கிராம் குறைவதால் ஏற்படும் இழப்பு மிகச் சிறியது. மட்டை இம்மியளவு முந்தி இறங்குவதால் பந்து நடுவில் படத் தொடங்கினால், அந்த இழப்பு போன இடம் தெரியாது.

கேள்வி: முதுகின் இருபுறமும் குடைந்து, விளிம்பைத் தடிமனாக விட்ட மட்டைகளில் உண்மையிலேயே வலிமை அதிகமா, அல்லது கண்ணுக்கு மட்டும் பெரிதா?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. குடைந்து எடுக்கும் மரத்தை விளிம்புக்கும் முதுகெலும்புக்கும் பகிர்ந்தால், எடை கூடாமலே மட்டை பெரிதாகத் தெரியும். விளிம்பில் எடை இருக்கும்போது, நடுவை விட்டு விலகிப் படும் பந்தால் மட்டை கைக்குள் திரும்புவது குறையும். 1974ஆம் ஆண்டில் கிரே-நிக்கல்ஸ் நிறுவனம் முதுகின் நடுவைச் சுரண்டி எடுத்த 'ஸ்கூப்' மட்டையை வெளியிட்டபோது அதன் பின்னே இருந்த எண்ணமும் இதுவே. ஆனால் மிதமிஞ்சிக் குடைந்தால், முதுகெலும்புக்கும் விளிம்புக்கும் இடையே மரம் மெலிந்து, முன்பு சொன்ன விறைப்பு போய்விடும். நான் பழுது பார்த்த மட்டைகளில் நெடுக்காக வெடித்தவை பெரும்பாலும் அந்தப் பள்ளத்தில் வெடித்தவையே. மிதமான குடைவு போதும் என்பது என் கருத்து.

இந்தத் தடிமனுக்கு இப்போது வரம்பும் உண்டு. 2017 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, விளிம்பு 40 மி.மீ.க்கும் மொத்தத் தடிமன் 67 மி.மீ.க்கும் மேற்படக் கூடாது. அகலத்துக்கான நாலேகால் அங்குல வரம்பு மிகப் பழையது. 1771இல் இங்கிலாந்தில் ஒருவர் ஸ்டம்புகளையே மறைக்கும் அகலத்தில் மட்டை கொண்டு வந்ததன் விளைவு அது.

கேள்வி: சச்சின் டெண்டுல்கர் கனமான மட்டையால்தானே அத்தனை ஓட்டங்கள் எடுத்தார்? சென்னை அணிக்காக மேத்யூ ஹேடன் ஆடிய குட்டை மட்டை ஏன் பரவவில்லை?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: டெண்டுல்கரின் மட்டை 3 பவுண்டை, அதாவது 1,360 கிராமை ஒட்டியது என்பது உண்மை. அவர் கைப்பிடியின் கீழ்ப்பகுதியில் பிடித்து ஆடியதையும் சேர்த்துப் பாருங்கள். கை இறங்கினால் அடிமுனைக்கும் கைக்கும் உள்ள தூரம் குறைகிறது; கனமான மட்டை அவர் கையில் அந்த அளவுக்குக் கனக்கவில்லை. உச்சியில் பிடித்து ஆடுகிறவர் அதே எடையை வாங்கினால், நேராக இறங்க வேண்டிய மட்டை தாமதமாகும்.

ஹேடன் 2010 மார்ச் மாதம் டெல்லியில் 43 பந்துகளில் 93 ஓட்டங்கள் குவித்தபோது கையில் எடுத்த 'மங்கூஸ்' மட்டைக்கு அலகு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குட்டை. கைப்பிடி அந்த அளவுக்கு நீளம். மேல் அலகில் மிச்சமான மரம் கீழே தடிமனாகச் சேர்ந்திருந்தது. முன்காலை விலக்கி ஓங்கி அடிக்க அது மிகப் பொருத்தமானது. ஆனால் நெஞ்சுக்கு எழும்பும் பந்தைத் தடுத்து ஆடுவதற்குத் தோளருகே மரமே இல்லை. 20 ஓவர் ஆட்டத்திலும் ஒருவர் தடுத்து ஆட வேண்டிய பந்துகள் உண்டு.

கனமான மட்டையை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இழைப்புளியைத் தேடும் முன் ஒன்றைச் செய்து பாருங்கள். கைப்பிடியில் இன்னொரு ரப்பர் கிரிப்பை மாட்டுங்கள். தராசில் 50 கிராம் அளவு கூடும். ஆனால் அந்த எடை கைக்குள்ளேயே இருப்பதால் சமநிலைப் புள்ளி மேலேறி, மட்டை முன்னிலும் லேசாக எழும். கைப்பிடி மிகத் தடித்துப் போனதாகத் தோன்றினால் கிரிப்பைக் கழற்றிவிடலாம்.