ஸ்கிரிப்ட் போன பிறகும் அது கிளப்பிவிட்டவை ஓடுகின்றனவா?

கேள்வி: லினக்ஸில் வீடியோக்களை வேறு வடிவத்துக்கு மாற்ற ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். ஒரே நேரத்தில் நான்கு வீடியோ மாறும். டெர்மினலில் கண்ட்ரோல்-சி அழுத்தினால் எல்லாம் நிற்கிறது. வேறொரு டெர்மினலிலிருந்து ஸ்கிரிப்டின் எண்ணைக் கொடுத்து 'கில்' போட்டால் ஸ்கிரிப்ட் மட்டும்தான் போகிறது. மாற்றும் புரோகிராம்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்த வழி உண்டா? மெமரிக்கு ஓர் எல்லையும் வேண்டும், மெஷின் உறைந்துபோகிறது.

பதில்: நீங்கள் கட்டவேண்டிய குழு ஏற்கெனவே கட்டப்பட்டுத்தான் இருக்கிறது. டெர்மினலில் ஒரு வேலையைத் தொடங்கும்போது ஷெல் அதற்கென்று ஒரு புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) குழுவை உண்டாக்குகிறது. ஸ்கிரிப்ட் பெற்றெடுப்பவை எல்லாம் அதே குழுவில் சேரும். கண்ட்ரோல்-சி அந்தக் குழு முழுவதற்கும் போகும். 'கில்' ஓர் எண்ணுக்கு மட்டும் போகும். அனாதையானவற்றை வேறொரு புராசஸ் தத்தெடுத்துக்கொள்ள, அவை பாட்டுக்கு ஓடும்.

ஆகவே 'கில்'லிடம் குழு எண்ணைச் சொல்லுங்கள். ஓடுபவற்றைப் பட்டியலிடும் 'பிஎஸ்' கட்டளையில் பிஐடி (புராசஸ் எண்), பிஜிஐடி (குழு எண்) என்ற இரண்டு பத்திகளையும் கேட்டால் அந்த எண் தெரியும். குழு எண் 4312 என்றால், 'முடித்துக்கொள்' என்று சொல்லும் டெர்ம் சிக்னலைக் குறிப்பிட்டு, இரண்டு கோடு (--) போட்டு, அப்புறம் கழித்தல் குறியோடு 4312 என்று கொடுக்கவேண்டும். அந்தக் கழித்தல் குறிதான் 'இது குழு' என்பதற்கு அடையாளம். ஒரு எச்சரிக்கை: அந்த இடத்தில் தவறிப்போய் கழித்தல் 1 என்று அடித்துவிடாதீர்கள். அது உங்கள் பெயரில் ஓடும் அத்தனைக்கும் சிக்னல் அனுப்பிவிடும். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக இருந்தால் இன்னும் மோசம்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. 'செட்சிட்' என்ற கட்டளை போட்டுத் தனி செஷனுக்கு (டெர்மினலோடு ஒட்டாத தனித் தொகுப்புக்கு) போகும் புரோகிராம் குழுவை விட்டு நழுவிவிடும். அது தப்பமுடியாத வேலி வேண்டுமென்றால், சி-குரூப்: புராசஸ்களைக் குழுவாகக் கட்டி, மெமரி போன்றவற்றுக்கு எல்லை வைக்கும் கர்னல் வசதி. 2006-இல் கூகுள் பொறியாளர்கள் தொடங்கிய வேலை இது. 2008-இல் வந்த 2.6.24 கர்னலில் சேர்ந்தது. இன்றைய கன்டெய்னர்கள் நிற்பதே இதன்மேல்தான். இங்கே பிள்ளை எந்த செஷனுக்குப் போனாலும் பெற்றவரின் சி-குரூப்பிலேயே இருக்கும்.

கையால் கோப்புறை உருவாக்கி மல்லுக்கட்ட வேண்டாம். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி இருக்கும் மெஷினில் 'சிஸ்டம்டி-ரன்' கட்டளை போதும். யூசர், ஸ்கோப் என்ற இரண்டு விருப்பங்களோடு யூனிட்டுக்கு (சிஸ்டம்டி நிர்வகிக்கும் ஒரு வேலைக்கு) ஒரு பெயரும் வைத்து, அதன் வழியே ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். நிறுத்த, 'சிஸ்டம்சிடிஎல்' கட்டளையில் யூசர் விருப்பத்தோடு ஸ்டாப் என்று, அந்தப் பெயரின் கடைசியில் '.scope' சேர்த்துக் கொடுத்தால் ஒன்றுவிடாமல் எல்லாவற்றுக்கும் டெர்ம் போகும். அடங்காதவை இயல்பாக 90 விநாடி கழித்துப் பலவந்தமாகக் கொல்லப்படும்.

மெமரிக்கு, அதே 'சிஸ்டம்டி-ரன்' கட்டளையில் 'மெமரிமேக்ஸ்' என்ற பண்பை 4ஜி (4 ஜிபி) போல வையுங்கள். இத்தோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அந்த எல்லை ஸ்வாப்பை (மெமரி போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் இடத்தை) கட்டுப்படுத்தாது. வேலை ஸ்வாப்பில் போய் விழும், மெஷின் மறுபடியும் உறையும். 'மெமரிஸ்வாப்மேக்ஸ்' என்பதை 0 ஆக்குங்கள். எல்லை தாண்டினால் அந்தக் குழுவுக்குள்தான் பலி, உங்கள் பிரவுசருக்கு ஒன்றும் ஆகாது.

சிபியு பற்றி நீங்கள் கேட்கவில்லை. அதற்கு, வேலையின் முன்னுரிமையைக் குறைக்கும் 'நைஸ்' கட்டளை போதும்.