பழைய டிடிஐ வண்டிக்கு ஹெட்டையே மாற்ற வேண்டுமா, ஃபேஸிங் போதுமா?

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய ஸ்கோடா ஆக்டேவியா 1.9 டிடிஐ, டீசல் கார். சூடேறி நின்றுவிட்டது. இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், வால்வுகளுக்கு நடுவே விரிசல் இருக்கிறது, புது ஹெட் போட வேண்டும் என்கிறார். இன்னொருவர் ஃபேஸிங் செய்து, அதாவது ஹெட்டின் அடிமுகத்தைச் சீவிச் சமமாக்கி, மாட்டினால் ஓடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டு பேருமே இன்னும் அளந்து பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். என்னிடமும் அதே இன்ஜின்தான், 1896 சிசி, பம்ப் டீசல் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி பம்ப்) வருவதற்கு முந்தையது, எல்லா சிலிண்டருக்கும் டீசல் அனுப்பும் ஒரே ரோட்டரி பம்ப் உள்ளது. சேலத்திலிருந்து கோவை வரும்போது பவானி தாண்டி டெம்பரேச்சர் முள் ஏறியது, உடனே நிறுத்தியிருக்க வேண்டும், அடுத்த டீக்கடை வரைக்கும் போய்விடலாம் என்று நாலைந்து கிலோமீட்டர் ஓட்டினேன். அந்த டீக்குக் கொடுத்த விலையைக் கேட்காதீர்கள்.

முதலில் அந்த விரிசல். இந்த இன்ஜினில் இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வ் சீட்டுகளுக்கு நடுவே மயிரிழை விரிசல் விழுவது சகஜம். அரை மில்லிமீட்டர் அகலத்துக்குள் இருந்தால் அப்படியே பயன்படுத்தலாம், ஆயுள் குறையாது என்று கம்பெனி ரிப்பேர் மேனுவலே சொல்கிறது. எனக்கும் விரிசலைக் காட்டித்தான் பயமுறுத்தினார்கள், புது ஹெட்டுக்குச் சொன்ன விலை வண்டி விலையில் பாதி வந்தது. சந்தேகமாக இருந்ததால் ஹெட்டைத் தூக்கிக்கொண்டு கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த அண்ணன் விரிசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதை விடுங்க தம்பி என்று சொல்லி, ஹெட்டின் அடிமுகத்தில் ஸ்ட்ரெயிட் எட்ஜ் (நேரான பட்டை) வைத்து அடியில் ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) விட்டுப் பார்த்தார். 0.1 மில்லிமீட்டர் வரை வளைவு இருக்கலாம். என்னுடையதில் 0.25 தாராளமாக நுழைந்தது. ஆக ஹெட் போனது உண்மை, ஆனால் மெக்கானிக் சொன்ன காரணத்தால் இல்லை.

அப்படியானால் ஃபேஸிங்? பெட்ரோல் வண்டிக்குச் செய்கிறோமே என்று தோன்றும். இதில் ஹெட்டின் முகம் தட்டை, எரிவதெல்லாம் பிஸ்டன் தலையில் உள்ள குழிக்குள். பிஸ்டனும் மேலே வரும்போது பிளாக்கை விட ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே மிச்சம் இருக்கும் இடம் அவ்வளவு குறைவு. முகத்தைச் சீவினால் வால்வ் கீழே இறங்கி வந்த மாதிரி ஆகிவிடும். அதனால்தான் இந்த ஹெட்டைச் சீவவே கூடாது என்று மேனுவலில் போட்டிருக்கிறார்கள். சீவி, வால்வ் சீட்டையும் உள்ளே இறக்கி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் செய்ய மாட்டேன்.

நான் கடைசியில் பிரித்த வண்டியிலிருந்து எடுத்த பழைய ஹெட் ஒன்றை வாங்கினேன். வாங்கும் முன்பே அதே பட்டறையில் வளைவு பார்த்து, தண்ணீர் வழிகளை அடைத்து பிரஷர் டெஸ்ட்டும் போட்டாகிவிட்டது. வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கும் கேம் கேப்கள் அந்த ஹெட்டோடு சேர்த்தே கடைந்தவை, உங்கள் பழைய கேப்பை அதில் மாட்டக் கூடாது, எண் வரிசையும் மாறக் கூடாது.

மாட்டும்போது கூடவே நில்லுங்கள். போல்ட் 10, எல்லாம் புதுசு, பழையதைத் திருப்பிப் போட விடாதீர்கள். போல்ட் குழிக்குள் எண்ணெயோ கூலன்டோ தேங்கியிருந்தால் முறுக்கு கணக்கு தப்பிவிடும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக 40 நியூட்டன் மீட்டர், பிறகு 60, அப்புறம் கால் சுற்று, இன்னொரு கால் சுற்று. கேம்ஷாஃப்ட் உட்கார்ந்த பிறகு அரை மணி நேரம் ஸ்டார்ட் செய்யவே கூடாது, கேம்ஷாஃப்ட்டுக்கும் வால்வுக்கும் நடுவே இருக்கும் ஹைட்ராலிக் லிஃப்டர்கள் அமுங்கி அடங்க வேண்டும், இல்லையென்றால் வால்வ் பிஸ்டனில் முட்டும். எங்கள் மெக்கானிக் இதைக் கேட்டுச் சிரித்தார், நானே சாவியைப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

ஏன் சூடேறியது என்று கண்டுபிடித்தார்களா? எனக்கு வாட்டர் பம்ப். டைமிங் பெல்ட்டில் ஓடுவது அது, பெல்ட் சுற்றிக்கொண்டுதான் இருந்தது, உள்ளே பிளாஸ்டிக் விசிறி தண்டிலிருந்து கழன்று சும்மா நின்றது. வெளியே ஒன்றும் தெரியாது. எப்படியும் பெல்ட் கழற்றுகிறீர்கள், உலோக விசிறி உள்ள பம்ப்பாகப் பார்த்துப் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருந்த பழைய கேஸ்கெட்டைக் குப்பையில் போட்டுவிட்டார்களா? ஓரத்தில் 1, 2 அல்லது 3 துளை இருக்கும், அதுதான் தடிமன். பிஸ்டன் நீட்டலுக்கு ஏற்ப ஃபேக்டரியில் தேர்ந்தெடுத்தது. பிஸ்டனைத் தொடவில்லை என்றால் அதே எண்ணிக்கைதான் வாங்க வேண்டும். குப்பையில் போட்டுவிட்டார்கள் என்றால் டயல் கேஜ் வைத்து நான்கு பிஸ்டனின் நீட்டலையும் அளக்கச் சொல்லுங்கள்.