உள்ளே இருப்பது பிளேட்டா, ஆணியா? வாசகர் கேள்விகள்

மழை தொடங்கியதும் வழுக்கி விழுகிறவர்கள் கூடுகிறார்கள், பழைய முறிவுகளும் ஞாபகத்துக்கு வந்துவிடுகின்றன. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், முறிந்த எலும்பைப் பிடிக்க "உள்ளே வைத்த கம்பி" பற்றித்தான்.

கேள்வி: கணுக்கால் முறிவுக்கு ஸ்டீல் பிளேட்டா, டைட்டானியமா? கடைக்காரர் டைட்டானியம்தான் உடம்புக்கு நல்லது என்கிறார். (வெள்ளவத்தை)

விற்கிறவர் வேறு என்ன சொல்வார்? இரண்டும் நல்லவைதான். உடம்பில் வைக்கிற ஸ்டீல், 316எல் என்ற தனி ரகம், சமையலறைக் கிண்ணம் அல்ல. டைட்டானியத்துக்கு அதில் ஏறத்தாழப் பாதி விறைப்புத்தான், எடையும் குறைவு. நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதுவே சரி. உங்களுடைய கணுக்கால் முறிவுக்கு ஸ்டீல் தாராளமாகப் போதும்.

கேள்வி: எம்.ஆர்.ஐ எடுத்தால் பிளேட்டைக் காந்தம் இழுத்துவிடுமா?

இழுக்காது. பிளேட்டைச் சுற்றியுள்ள இடம் படத்தில் கலங்கித் தெரியும், அவ்வளவுதான். எடுக்கிறவரிடம் முதலிலேயே சொல்லுங்கள், கையில் வைத்தியசாலை தந்த டயக்னோசிஸ் கார்ட்டும் இருக்கட்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது, தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது. பாதி மூட்டு மாற்றினால் போதும் என்கிறார்கள். மாமாவுக்கு முழுதாக மாற்றினார்கள். செலவைக் குறைக்கப் பார்க்கிறார்களா? (கொட்டாஞ்சேனை)

இல்லை. அந்த இடத்தில் முறிந்து விலகினால், தொடை எலும்பின் தலையான பந்துக்குப் போகிற இரத்தம் பெரும்பாலும் அறுந்துவிடும், அதனால்தான் ஆணி போட்டு ஒட்டவைக்காமல் பந்தையே மாற்றுகிறோம். பந்து உட்காரும் இடுப்புக் கிண்ணம் நன்றாக இருந்தால், வீட்டுக்குள் மட்டும் நடமாடுகிற வயதானவருக்குப் பாதி மாற்றுவது சின்ன ஒபரேஷன், பந்து நழுவுகிற பயமும் குறைவு. மாமா வெளியே நன்றாக நடந்து திரிகிறவராகவோ, முன்பே மூட்டு தேய்ந்தவராகவோ இருந்திருப்பார். நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: எப்போது செய்வார்கள்? உடம்பு இடம் கொடுத்தால் இரண்டு நாளுக்குள். மறுநாளே எழுப்பி நிற்க வைக்க வேண்டும். பாவம் என்று படுக்க வைத்தால் நெஞ்சில் சளி கட்டும், முதுகு புண்ணாகும்.

கேள்வி: தொடையில் வைத்த பிளேட் ஏழு மாதத்தில் உடைந்துவிட்டது. மட்டமான சாமானா? (மட்டக்குளி)

கடிதத்தின் அடியில், வேறு கணக்குப் போல, "ஒரு நாளைக்குப் பத்து சிகரெட்" என்று எழுதியிருக்கிறீர்கள். கம்பியை இப்படியும் அப்படியுமாக வளைத்துக்கொண்டே இருந்தால் ஓர் இடத்தில் முறியும் அல்லவா? எலும்பு ஒட்டும்வரை பிளேட்டின் கதியும் அதுதான். எலும்பு முந்தினால் பிளேட் தப்பிக்கும். புகையும் கட்டுப்படாத சீனியும் எலும்பைப் பின்னுக்கு இழுக்கும், போன முறையும் சொன்னேன், அடுத்த முறையும் சொல்வேன். கிருமி இருக்கிறதா என்று இரத்தம் பார்த்துவிட்டு மறுபடி பொருத்துவார்கள். இன்றைக்கே புகையை விடுங்கள்.

கேள்வி: டொக்டர், எனக்குக் காலில் பிளேட் இருக்கிறது. எடுக்கலாமா?

இவ்வளவுதான் கடிதம். எந்த எலும்பு, எத்தனை வயது, எப்போது வைத்தது, ஒன்றும் இல்லை. பிளேட்தானா என்பதே எனக்குச் சந்தேகம், எலும்புக் குழிக்குள் இறக்கிய நீள ஆணியையும் நம் ஆட்கள் பிளேட் என்றுதான் சொல்கிறார்கள். பொதுவாகச் சொன்னால், பெரியவர்களுக்கு உபத்திரவம் இல்லாவிட்டால் எடுக்கத் தேவையில்லை. எடுப்பதானால் ஒன்று, ஒன்றரை வருடம் போகட்டும். முன்கை என்றால் இரண்டு வருடம், அப்போதும் மறுபடி முறியலாம். எடுத்த பிறகும் ஸ்குரூ இருந்த துளைகள் அடைபட மாதங்கள் ஆகும், அதுவரை ஓட்டம், பாரம் எதுவும் வேண்டாம்.

இனி என் பழைய புலம்பல். மத்திய கிழக்கில் வேலைக்குப் போன இடத்தில் பிளேட் வைத்துக்கொண்டு வந்த ஒரு தம்பி, அதை எடுக்க என்னிடம் வந்தார். கடுதாசி எல்லாம் "வீடு மாறும்போது போய்விட்டது". எக்ஸ்ரேயில் ஸ்குரூ தெரியும், அதன் தலையில் உள்ள குழி என்ன வடிவம் என்பது தெரியாது. திறந்து பார்த்தால் நட்சத்திரக் குழி, எங்கள் தட்டில் இருந்ததோ அறுகோண டிரைவர். வேறு செட் வரும்வரை காத்திருந்தோம். அதற்குப் பிறகும் இரண்டு ஸ்குரூ பிளேட்டோடு இறுகிப்போய்த் தலை வழுக்கிவிட்டது. கடைசியில் துளைபோட்டுத்தான் கழற்றினோம். முக்கால் மணி வேலை, மூன்று மணியானது. ஒவ்வொரு பெட்டியோடும் தபால் முத்திரை அளவில் ஸ்டிக்கர் வருகிறது, கம்பனி, அளவு, லொட் நம்பர் எல்லாம் அதில்தான். வைத்தியசாலைக் குறிப்பில் ஒன்று ஒட்டுவார்கள், உங்களுக்கும் ஒன்று கேளுங்கள். வெளிக் கடையில் வாங்கியிருந்தால் பில்லையும் வையுங்கள். டயக்னோசிஸ் கார்ட்டோடு சேர்த்துப் போனில் படம் எடுத்து மகளுக்கும் அனுப்பிவிடுங்கள். நகைக்கடைப் பில்லைப் பத்து வருடம் லொக்கரில் வைக்கிறோம், எலும்புக்குள் இருப்பதன் பில் மீன் சுற்றப் போகிறது!

கேள்வி: மகனின் முழங்கையில் இரண்டு கம்பிகள் தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருக்கின்றன. வேலையை முடிக்காமல் விட்டுவிட்டார்களா?

வேண்டுமென்றே விட்டது. ஜெர்மன் டொக்டர் கிர்ஷ்னர் 1909இல் கொண்டுவந்த கம்பி, பிள்ளைகளுக்கு இன்றும் அதுதான். மூன்று நான்கு வாரத்தில் கிளினிக்கில் உருவி எடுப்பார்கள், அழுகை ஒரு நிமிடம். அதுவரை நனையக்கூடாது. அப்பம்மா தருகிற எண்ணெயும் கூடாது, புக்கை கட்டுவதும் கூடாது.

கேள்வி: முழங்கால் மாற்றினால் கோயிலில் சம்மணம் கட்டலாமா? எத்தனை வருடம் உழைக்கும்?

பெரும்பாலும் 110, 120 பாகை வரை மடியும், சம்மணத்துக்கு அது போதாது, கதிரை கேளுங்கள். பத்து மூட்டில் எட்டு, 25 வருடம் தாண்டும். சீனியைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு ஒபரேஷனுக்குப் போங்கள்.

கேள்வி: கட்டுநாயக்க விமான நிலையச் சோதனையில் மணி அடிக்குமா?

அடிக்கலாம். சொல்லிவிட்டுத் தழும்பைக் காட்டுங்கள்.

தெஹிவளை வாசகருக்கு: எக்ஸ்ரேயை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து எடுத்த படத்தில் உங்கள் ஃபேன்தான் தெளிவாகத் தெரிகிறது. பக்கவாட்டுப் படத்தையும் சேர்த்து மறுபடி அனுப்புங்கள்.